பதம் அறிந்து பறித்தல்

நுழையும்முன்

உணவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், கடையிலிருந்து என்று விடை சொல்லும் தலைமுறை உலகெங்கும் வளர்ந்து வருகிறது. பறிக்கும் தொழிலைக் கை மறந்தால், அதைக் குறிக்கும் சொற்களை நாவும் மறந்துவிடும். அமெரிக்க நாட்டின் ஹட்சன் பள்ளத்தாக்கில், வருவோர் தம் கையாலேயே ஆப்பிளும் பேரிக்காயும் பறித்துக்கொள்ளும் தோட்டம் ஒன்றைக் கண்டுவந்த அனுபவத்தின் வழியே, ‘பதம்’ என்னும் சொல்லின் பொருளை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பெயர் மாறாத கனி

காய் வேறு, பழம் வேறு என்று பிரித்துப் பெயரிடுவதில் தமிழர் கண்டிப்பானவர். மாங்காய் பழுத்தால் மாம்பழம். வாழைக்காய் பழுத்தால் வாழைப்பழம். கொய்யாக்காய் கனிந்தால் கொய்யாப்பழம். பதம் மாறும்போது பெயரும் உடன் மாறிவிடுகிறது. இந்த ஒழுங்குக்கு வெளியே நிற்பவற்றுள் ஒன்று பேரிக்காய். போர்ச்சுகீசியரின் ‘பேரா’ என்னும் சொல்லே தமிழில் ‘பேரி’ ஆயிற்று என்பர். அயலிலிருந்து வந்த அப்பெயரோடு நம்மவர் ‘காய்’ என்பதைச் சேர்த்துக்கொண்டனர். கொடைக்கானலிலும் குன்னூரிலும் சாலையோரத்தில் கூறு கட்டி விற்கும் பேரியைக் கடித்தால் ‘நறுக்’கென்று ஓசை எழும். அந்த உறுதியைக் கண்டே காய் என்றனர் எனக் கொள்ளலாம். ஆனால், அப்பெயருக்குள் இன்னுமோர் உண்மையும் பொருந்தி நிற்கிறது. அதை எனக்குக் காட்டியது நம் ஊர் மலையன்று; கடல் பல கடந்து நான் கண்ட ஒரு பழத்தோட்டம்.

ஆற்றுப் பள்ளத்தாக்கின் தோட்டம்

என் தங்கை நியூயார்க் மாநிலத்தில் குடும்பத்தோடு வாழ்கிறாள். காலாண்டு விடுமுறையோடு சில நாள் விடுப்பும் சேர்த்துக்கொண்டு ஒரு புரட்டாசி மாதத்தில் அவள் வீட்டுக்குச் சென்றிருந்தேன்.

“ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் பறிக்கப் போகலாம், அக்கா” என்றாள்.

“யாருடைய தோட்டம்?” என்று கேட்டேன்.

“யாரோ ஒருவருடைய தோட்டம். காசு கொடுத்தால் நாமே பறித்துக்கொள்ளலாம்.”

பிறர் தோட்டத்து மரத்தில் கை வைத்தால் காவற்காரர் கம்போடு வருவார் என்றே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே, இருவரும் சிரித்துவிட்டோம்.

நியூயார்க் நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில் அல்ஸ்டர் மாவட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் ஆப்பிள் விளைச்சலில் முதலிடம் வாஷிங்டன் மாநிலத்துக்கு. இரண்டாம் இடம் நியூயார்க் மாநிலத்துக்கு. அம்மாநிலத்தின் பழைமையான ஆப்பிள் நிலங்களுள் ஒன்று இந்தப் பள்ளத்தாக்கு. ஆப்பிள் மரம் குளிரை வேண்டி நிற்கும் மரம். குளிர்காலத்தில் அது இலையுதிர்த்து உறங்குகிறது. பெரும்பாலான வகைகள் ஏறத்தாழ 800 முதல் 1000 மணி நேரம் 7 பாகை செல்சியசுக்கும் குறைந்த குளிரில் இருந்த பின்னரே வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். நம் சமவெளிகளில் ஆப்பிள் விளையாமைக்கு இதுவே முதன்மையான காரணம். பூத்தபின் உறைபனி வந்தால் பூக்கள் கருகும். சரிவான நிலத்தில் குளிர்காற்று நீர்போலக் கீழே வடிந்து சென்றுவிடுவதால், மேட்டில் நிற்கும் மரங்கள் தப்பிவிடுகின்றன. எனவேதான் தோட்டங்கள் குன்றுச் சரிவுகளை நாடி அமைந்துள்ளன.

தோட்டத்தின் வாயிலில் பழத்தை எடை போட்டு விற்கவில்லை. வெறும் பைகளை விற்றார்கள். சிறிய பை, பெரிய பை என அளவுக்கேற்ப விலை. பையை எவ்வளவு நிரப்புவது என்பது வாங்குவோர் கையில் இருந்தது. வைக்கோல் கட்டுகளை இருக்கையாக அடுக்கிய வண்டி ஒன்றை டிராக்டர் இழுத்துச் சென்றது. ஆறு வயதுக் குழந்தைகளும் அறுபது வயதுப் பெரியவர்களும் அதில் அமர்ந்திருந்தனர். ஒவ்வொரு வரிசையின் தலைமாட்டிலும் வகையின் பெயர் எழுதிய பலகை இருந்தது. 1811இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஜான் மெக்கின்டாஷ் என்னும் உழவர் கண்டெடுத்த மரத்தின் வழிவந்த ‘மெக்கின்டாஷ்’ ஒரு வரிசை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜெனீவா ஆய்வு நிலையம் 1966இல் வெளியிட்ட ‘எம்பயர்’ மற்றொரு வரிசை.

இவ்வாறு விளைந்த பழத்தை வாங்குவோரே பறித்துக்கொள்ளும் முறை 1930களின் பெருமந்தக் காலத்திலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் அமெரிக்காவில் பரவியது. பறிக்கவும் பெட்டியில் அடுக்கவும் ஆகும் செலவைக்கூடச் சந்தை விலை ஈடுகட்டாத காலம் அது. மரத்திலேயே பழம் அழுகுவதைக் காணப் பொறாத உழவர், பறிப்பவரைத் தேடுவதற்கு மாறாக உண்பவரையே தோட்டத்துக்கு அழைத்தனர். பிழைப்புக்கு வழியாக வந்த அம்முறை, நாளடைவில் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

சிறுவர் பறிக்கும் வண்ணம் மரங்கள் குட்டையாக நிற்பதற்கும் ஒரு காரணம் உண்டு. ஆப்பிள் மரத்தின் மேற்பகுதி ஒரு வகை. வேர்ப்பகுதி வேறொரு வகை. இரண்டும் ஒட்டுக்கட்டி இணைக்கப்பட்டவை. மரத்தின் உயரத்தைப் பெரிதும் உறுதி செய்வது வேர்ப்பகுதியே. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள கிழக்கு மாலிங் ஆய்வு நிலையம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய வேர்க்கன்றுகளை ஆராய்ந்து வகைப்படுத்தியது. அவற்றுள் குட்டை வகைகள் உலகெங்கும் பரவின. ஏணி வேண்டாத உயரத்தில் இன்று பழம் தொங்குவது அந்த ஆய்வின் பயன்.

இந்தக் கிளையில் அடுத்த ஆண்டு

தங்கையின் மகளுக்கு எட்டு வயது. வண்டியிலிருந்து குதித்தவுடன் முதல் மரத்துக்கு ஓடினாள். சிவந்த பழம் ஒன்றை இரு கைகளாலும் பற்றிக் கீழ்நோக்கி இழுத்தாள். கிளை வளைந்து அதிர்ந்தது. பழம் வந்தது, அதனோடு இரண்டு இலைகளும் விரல் நீளமுள்ள ஒரு சிறு குச்சியும் வந்தன. அதிர்ச்சியில் வேறு இரண்டு பழங்கள் தரையில் விழுந்தன.

தோட்டத்துப் பெண்மணி ஒருவர் அருகில் வந்தார். அவர் கடிந்துகொள்ளவில்லை. பக்கத்துக் கிளையில் ஒரு பழத்தை உள்ளங்கையில் ஏந்தினார். மேல்நோக்கி மெல்ல உயர்த்தி ஒரு திருகு திருகினார். காம்போடு பழம் அவர் கைக்கு வந்தது. கிளை அசையவே இல்லை. பிறகு, பழம் இருந்த இடத்தைக் குழந்தைக்குச் சுட்டிக்காட்டினார். அங்கே முண்டும் முடிச்சுமாக ஒரு குறுங்கிளை. அதன் நுனியில் தடித்த மொட்டு ஒன்று. “இதுதான் அடுத்த ஆண்டு” என்றார். குழந்தை தன் கையிலிருந்த குச்சியைப் பார்த்தாள். அதன் நுனியிலும் அதே போன்ற ஒரு மொட்டு இருந்தது.

வரும் வசந்தத்தில் பூக்க வேண்டிய மொட்டை ஆப்பிள் மரம் இந்த ஆண்டுக் கோடையிலேயே உருவாக்கிவிடுகிறது. கனி தொங்கும் காலத்திலேயே அடுத்த கனிக்கான வித்து அதன் அருகில் தயாராகிவிடுகிறது. ஆண்டுக்குச் சிறிதளவே வளரும் அந்தக் குறுங்கிளை பல ஆண்டுகள் காய்க்கவல்லது. ஒரு பழத்தை இழுத்துப் பறிப்பவர் ஒரு பழத்தை மட்டும் எடுப்பதில்லை. இனிமேல் காய்க்கவிருந்தவற்றையும் முறித்தெடுத்துச் செல்கிறார்.

மரத்துக்கும் இந்தக் கணக்கு தெரியும். ஓர் ஆண்டு அளவுக்கு மிஞ்சிக் காய்த்தால், வளரும் காய்களின் விதைகள் புதிய பூமொட்டு உருவாவதைத் தடுக்கின்றன. மறு ஆண்டு மரம் ஓய்ந்து நிற்கும். நம் மாமரங்களும் ஓர் ஆண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்வதை நாம் அறிவோம். ஆகவே, ஆப்பிள் உழவர் பிஞ்சுப் பருவத்திலேயே மிகையானவற்றை உதிர்த்துவிடுகின்றனர். கொத்துக்கு ஐந்தாறு பூக்கள் பூத்தாலும் ஒரு கனியையோ இரு கனிகளையோ விட்டுவைத்தால்தான் அதுவும் பருக்கும், மரமும் அடுத்த ஆண்டு காய்க்கும்.

ஒரு சிறு மொட்டுக்கு இத்தனை மதிப்பா என்று தோன்றலாம். ஆப்பிளின் வரலாறே மொட்டின் வரலாறுதான். விதை போட்டு முளைக்கும் ஆப்பிள், தாய் மரத்தின் கனியைத் தருவதில்லை. விரும்பிய வகையைப் பெருக்க, அதன் மொட்டையோ குச்சியையோ வெட்டி வேறொரு வேரில் ஒட்டியாக வேண்டும். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹையட் என்னும் உழவரின் தோட்டத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு கன்று தானாக முளைத்தது. வரிசை தவறி முளைத்ததென்று அவர் அதை வெட்ட, அது மீண்டும் தழைத்தது என்பர். அந்த ஒற்றை மரமே ‘ரெட் டெலிசியஸ்’ என்னும் வகைக்கு மூலம். சாமுவேல் ஸ்டோக்ஸ் என்னும் அமெரிக்கர் 1916இல் அந்த வகைக் கன்றுகளைத் தருவித்து, இன்றைய இமாசலப் பிரதேசத்தின் கோட்கர் பகுதியில் நட்டார். இந்திய விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற அவர், பின்னாளில் சத்தியானந்தர் எனப் பெயர் மாற்றிக்கொண்டார். இமாசலத்தின் ஆப்பிள் வாணிகம் வளர அவர் நட்ட கன்றுகள் வழிவகுத்தன. மொட்டுக்கு மொட்டு கை மாறி, ஐயோவாவின் ஒரு மரம் இமயச் சரிவில் ஆயிரமாயிரம் மரங்களாக நிற்கிறது.

முற்றுதலும் கனிதலும்

ஆப்பிள் வரிசைகளைக் கடந்தால் பேரி மரங்கள். அவை ஆப்பிளைவிட நிமிர்ந்து வளர்வன. புரட்டாசியில் பறிக்கத் தக்கதாக ‘பாஸ்க்’ என்னும் வகை இருந்தது. நீண்ட கழுத்து, துருப்பிடித்தது போன்ற பழுப்புத் தோல். குழந்தை ஒன்றைத் தொட்டு அழுத்திப் பார்த்தாள். கல்லைப் போல் இருந்தது. வேறொன்றை அழுத்தினாள், அதுவும் அப்படியே. “எதுவுமே பழுக்கல, பெரியம்மா” என்று முகம் வாடினாள்.

மரத்தில் பழுத்த பேரியைத் தேடுபவர் நல்ல பேரியை உண்ண முடியாது என்பதை அங்கே அறிந்தோம். ஆப்பிள் மரத்திலேயே கனியும். பேரியோ உள்ளிருந்து வெளியே பழுப்பது. அதை மரத்திலேயே விட்டுவைத்தால், மேற்புறம் மென்மை அடைவதற்குள் நடுப்பகுதி பழுப்பேறிக் குழைந்துவிடும். சதையும் மணல்போல் நறநறக்கும். தாவரவியல் படிப்போர், பேரிக்காயின் சதையில் உள்ள கல் செல்களைப் பாடத்தில் படித்திருப்பர். அந்த நறநறப்புக்கு அவையே காரணம். ஆகவே, பேரியை முற்றிய காயாகவே பறிக்க வேண்டும். தொங்கும் காயைக் கிடைமட்டமாக உயர்த்திப் பார்க்க வேண்டும். காம்பு தானே விட்டுக்கொடுத்தால் அது முற்றிவிட்டது. விடாமல் பிடித்துக்கொண்டால் இன்னும் மரத்துக்கு உரியது.

பறித்த பேரியைச் சில நாள் குளிரில் வைத்து, பின்பு அறையின் வெப்பத்தில் வைத்தால் அது கனியும். உடன் ஓர் ஆப்பிளைத் தாள்பையில் சேர்த்து வைத்தால் விரைந்து கனியும். பழுக்கும் ஆப்பிளிலிருந்து வெளிப்படும் எத்திலீன் என்னும் வளி, பேரியையும் பழுக்கத் தூண்டுகிறது. மாங்காயை வைக்கோலில் புதைப்பதும், வாழைத்தாரை மூட்டம் போடுவதும் இவ்வறிவின் வழிப்பட்டவையே. புகையிலும் எத்திலீன் உண்டு; மூடிய இடத்தில் காய்கள் வெளியிடும் வளியும் அங்கேயே தங்கும்.

பேரியை நாம் ‘காய்’ என்று அழைப்பது எத்துணைப் பொருத்தம் என்று அந்த மரத்தடியில் எண்ணிப் பார்த்தேன். மரத்துக்கு அது என்றும் காய்தான். பழமாவது வீட்டுக்கு வந்த பின்னரே.

பிழைப்புக்காகப் பறிக்கும் கைகள்

எங்கள் வரிசைகளுக்கு அப்பால், கயிறு கட்டித் தடுத்த மறுபுறத்தில் சிலர் பறித்துக்கொண்டிருந்தனர். அவர்கள் கையில் எங்களைப் போல் வண்ணப் பை இல்லை. தோளில் வார் மாட்டி, மார்புக்கு முன்னே கூடையைச் சுமந்திருந்தனர். இரு கைகளும் ஒரே நேரத்தில் இரு பழங்களைத் திருகின. நிறைந்த கூடையை மரப்பெட்டிக்குள் தாழ்த்தி, அடியில் மடித்திருந்த துணியை அவிழ்த்தனர். பழங்கள் ஓசையின்றி இறங்கின. அத்தகைய பெட்டி ஒன்று ஏறத்தாழ 350 முதல் 400 கிலோ வரை கொள்ளும். ஒரு நாளில் ஒருவர் பல பெட்டிகளை நிரப்ப வேண்டும்.

உணவு இடைவேளையில் அவர்களுள் ஒருவரோடு பேசினேன். ஜமைக்காவிலிருந்து வந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943இல் தொடங்கிய ஒப்பந்த முறையில் அந்நாட்டவர் அமெரிக்கப் பண்ணைகளுக்கு வரத் தொடங்கினர். இன்று எச்-2ஏ என்னும் பருவகால விசாவில் வருகின்றனர். அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பியாக வேண்டும். அவருக்கும் இரு பெண் குழந்தைகள். “பழத்தை முட்டையைப் போல் பிடிக்க வேண்டும்” என்று எங்கள் குழந்தைக்குச் சொன்னார். விரல் நுனி அழுந்தினால் அந்த இடம் மறுநாள் கறுத்துவிடும். கறுத்த பழத்துக்கு விலை இல்லை. எனவே, நுனி விரலால் அன்றி உள்ளங்கையால் பிடித்துக் காட்டினார்.

நமக்கு ஒரு பிற்பகலின் மகிழ்ச்சியாக இருப்பது அவருக்குப் பல வாரத்து உழைப்பு. வால்பாறையிலும் நீலகிரியிலும் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்களின் விரல்களை நினைத்துக்கொண்டேன். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்னும் பதத்தை அவர்கள் விரல்கள் அறியும். கடல் கடந்து இலங்கை மலைகளுக்குச் சென்ற நம் முன்னோர் விரல்களும் அதை அறிந்திருந்தன. பதம் அறிந்த விரலுக்கு உலகம் கொடுக்கும் கூலி எப்போதும் அதன் அறிவுக்கு ஈடாக இருந்ததில்லை.

கயிற்றுக்கு இப்புறம் மரத்தடியில் வேறொரு காட்சி. ஒரு கடி கடித்து எறிந்த ஆப்பிள்கள் எங்கும் கிடந்தன. இதைவிட இனிப்பானது அடுத்த மரத்தில் இருக்கும் என்று எண்ணி எறிந்தவை. விலங்குகள் நடமாடும் தரையில் விழுந்ததை எடுத்து உண்ணலாகாது என்பது அங்குள்ள விதி. எறிந்த பழம் எவருக்கும் பயன்படாது. பூ கட்டத் தேனீயும், குளிரும், ஓராண்டுக் காத்திருப்பும் வேண்டியிருந்த ஒன்று, ஒரு கடியில் குப்பையாகிக் கிடந்தது. குழந்தை தன் கையிலிருந்த பழத்தைப் பார்த்தாள். அது அவள் இழுத்து முறித்த முதல் பழம், சற்றுப் புளித்தது. நடுத்தண்டு வரை அதைத் தின்று முடித்த பின்னரே வண்டியில் ஏறினாள்.

பறித்தலுக்கு எத்தனை சொற்கள்

திரும்பும் வழியில் காரில் ஒரு கேள்வி எழுந்தது.

“பெரியம்மா, ‘பிக்’ பண்றதுக்குத் தமிழ்ல என்ன?”

“எதை எடுப்பதற்கு?”

“எதையும்.”

“எதை என்று சொன்னால்தான் தமிழில் விடை சொல்ல முடியும்” என்றேன். அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, நானும் தங்கையும் மாறி மாறி விடை சொன்னோம். பூவைக் கொய்வோம். கீரையைக் கிள்ளுவோம். கறிவேப்பிலையை உருவுவோம். முருங்கைக்கீரையை ஒடிப்போம். நெல்லை அறுப்போம்; கரும்பை வெட்டுவோம். நிலக்கடலைச் செடியைப் பிடுங்குவோம். பிறகு கடலையை ஆய்வோம். கிழங்கை அகழ்வோம். பருத்தியை எடுப்போம். புளிய மரத்தை உலுக்குவோம். இளநீரை இறக்குவோம். தங்கைக்கு நினைவு வந்த சில சொற்கள் எனக்கு வரவில்லை. எனக்கு வந்த சில அவளுக்கு வரவில்லை. எங்கள் அம்மா இருந்திருந்தால் இப்பட்டியல் இரு மடங்காகியிருக்கும்.

இச்சொற்களை ஒரு பொருட் பன்மொழி என்று கருதிவிடலாகாது. ஒவ்வொன்றும் கையின் ஒரு தனிச் செயல். கிள்ளுதலில் நகம் வேலை செய்கிறது. உருவுதலில் இரு விரல்கள் காம்பின் வழியே வழுக்கிச் செல்கின்றன. உலுக்குதலில் முழு உடலும் கிளையோடு அசைகிறது. செடிக்குத் தீங்கு நேராமல் விளைவை மட்டும் பெறும் முறை அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளினால் அது மறுபடி துளிர்க்கும். இதைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை. கிள்ளு என்று சொன்னாலே போதும்.

“அப்போ ஆப்பிளுக்கு?” என்றாள் குழந்தை. தங்கையும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் சொல்வதற்குள் அவளே கையை மேலே உயர்த்தி ஒரு திருகு திருகிக் காட்டி, “திருகறது” என்றாள். தேங்காயையும் அப்படித்தான் திருகிப் பறிக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. தன் கை செய்த செயலுக்கு உரிய சொல்லைத் தானே கண்டுபிடித்துக்கொண்டாள்.

விளைவின் பதத்தைக் குறிக்கவும் தமிழில் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்ச்சொல் வளம்’ என்னும் கட்டுரையைப் பத்தாம் வகுப்பில் படித்தவர்களுக்கு அவை நினைவிருக்கலாம். அவற்றுள் இரு சொற்கள் பேரி மரத்தடியில் எனக்குப் புதிய பொருள் தந்தன. முற்றுவதற்கு முன்பே சூட்டினால் பழுத்த பிஞ்சு வெம்பல். பழுத்த பின்னும் எடுக்காமல் விட்டதால் குழைந்து போனது அளியல். பதம் என்பது இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள சில நாள்கள். அதற்கு முன்னும் பயனில்லை; அதற்குப் பின்னும் பயனில்லை. பாகுக்குப் பதம் உண்டு. உழவு மண்ணுக்குப் பதம் உண்டு. சோற்றுக்கும் பதம் உண்டு. அளவுகோலால் அறிய முடியாமல், கண்ணாலும் விரலாலும் பழக்கத்தாலும் அறியும் அறிவுக்குத் தமிழர் இட்ட பெயர் பதம்.

காத்திருத்தல்

கொண்டுவந்த பேரிக்காய்களை ஒரு வாரம் குளிர்பெட்டியில் வைத்தோம். பின்பு ஓர் ஆப்பிளோடு தாள்பையில் இட்டுச் சமையலறை மேடையில் வைத்தோம். பேரியின் பதத்தைப் பக்கவாட்டில் அழுத்திப் பார்த்து அறியக் கூடாது; காம்பை ஒட்டிய கழுத்துப் பகுதியில் மெல்ல அழுத்த வேண்டும். குழந்தை நாள்தோறும் பள்ளியிலிருந்து வந்ததும் அதைச் செய்தாள். “முத்திருச்சு. ஆனா, கனியல” என்று அறிவித்துவிட்டுச் செல்வாள். முற்றுதலும் கனிதலும் வேறு வேறு என்பதை அவள் அகராதியில் கற்கவில்லை. நான்காம் நாள் கழுத்து சற்று இணங்கியது. நறுக்கிய துண்டில் மணமும் சாறும் நிறைந்திருந்தன. மரத்தில் கல்லாக இருந்தது இதுதானா என்று அவள் மும்முறை கேட்டாள்.

மாணவர்களே! உங்கள் வயதைக் கடந்து செல்லும் ஆயிரக்கணக்கானோரை வகுப்பறையில் கண்டவர்கள் நாங்கள். சிலர் கிளையிலேயே கனிகின்றனர். பள்ளியில் இருக்கும்போதே அவர்கள் திறம் வெளிப்பட்டுவிடுகிறது. சிலர் பேரியைப் போன்றவர்கள். பள்ளியை விட்டுச் செல்லும் நாளில் கல்லாகவே தோன்றுவர். வேறோர் ஊரில், வேறொரு தொழிலில் சில ஆண்டுகள் கழித்துக் கனிந்து நிற்பர். என் தங்கையும் அப்படித்தான் கனிந்தாள். அவர்களை அழுத்திப் பார்த்து, இன்னும் பழுக்கவில்லை என்று ஒதுக்குவது பதம் அறியாதவர் செயல். விரைந்து பழுக்க வேண்டுமென்று சூடேற்றினால் கிடைப்பது வெம்பல். கால்சியம் கார்பைடு கல்லால் பழங்களைப் பழுக்க வைப்பதை நம் நாட்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. பிள்ளைகளை அவ்வாறு பழுக்க வைப்பதைத் தடுக்கச் சட்டம் இல்லை. பெற்றோரும் ஆசிரியரும்தான் தம்மைத் தாமே தடுத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் இறுதியாக எப்போது, எதை, உங்கள் கையால் பறித்தீர்கள்? ஆப்பிள் தோட்டம் தேவையில்லை. வீட்டுப் புறத்தில் ஒரு முருங்கை இருக்கும். பக்கத்து வயலில் வெண்டை இருக்கும். மாடித் தொட்டியில் ஒரு கீரை இருக்கும். வீட்டில் உள்ள மூத்தவரை அருகில் அழைத்து, இதன் பதத்தை எப்படி அறிவது என்று கேளுங்கள். எப்படி எடுத்தால் செடி மறுபடி தரும் என்றும் கேளுங்கள். அவர் சொல்லும் விடையில் நீங்கள் அறியாத சொல் ஒன்றேனும் இருக்கும். அந்தச் சொல்லை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குரிய செயலைக் கையாலும் ஒருமுறை செய்து பாருங்கள்.